பண்டிதரும் பேராசிரியரும்: இராயப்பேட்டையில் தொடங்கிய ஒரு வாதம்

தமிழ்நாட்டில் பகுத்தறிவின் வரலாற்றை யாராவது சொல்லத் தொடங்கினால், பெரும்பாலும் 1925இல்தான் தொடங்குகிறார்கள். சுயமரியாதை இயக்கம், குடி அரசு, பெரியார். அதற்கு முன்னால் இருள், பிறகு வெளிச்சம் என்பது போன்ற ஒரு சித்திரம். மேடைப் பேச்சுக்கு இது வசதியானது. வரலாறாக எடுத்துக்கொண்டால் குறைந்தது நாற்பது ஆண்டுகள் விடுபட்டுப் போகின்றன. அந்த நாற்பது ஆண்டுகளில் சென்னையில், அதுவும் நாம் தினமும் பேருந்தில் கடந்துபோகும் இராயப்பேட்டை, மயிலாப்பூர், அடையாறு பகுதிகளில், கடவுள் யாருடையவர், மதம் யாருக்குப் பயன்படுகிறது, கர்மம் என்பது என்ன என்றெல்லாம் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர்கள் தலித்துகள். விடுபட்டுப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் தலித் அல்லாத ஒரு முன்கதை. 1880களில் சென்னையில் 'தத்துவ விவேசினி' என்றொரு தமிழ் இதழும் 'தி திங்க்கர்' என்றொரு ஆங்கில இதழும் வந்துகொண்டிருந்தன. இரண்டையும் நடத்தியவர்கள் சென்னை இலௌகிக சங்கத்தார். இங்கிலாந்தில் நாத்திகப் பிரச்சாரம் செய்த சார்லஸ் பிராட்லாவைப் பின்பற்றியவர்கள். அந்த வட்டத்தைச் சேர்ந்த அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் எழுதிய 'இந்து மத ஆசார ஆபாச தரிசனி' 1882இல் வெளிவந்தது. பேராசிரியர் வீ. அரசு இந்த இதழ்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பிக்கும் வரை, நம்மில் பலருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து வாசிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: கடவுள் இல்லை என்று நிரூபிப்பதற்கும், கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர் கடவுளைப் பற்றிக் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் தர்க்கம் மட்டும் போதும். பின்னதில் வயிறு, நிலம், பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து வருகின்றன.

அந்த இரண்டாவது வகைக் கேள்வி பொதுவெளியில் கேட்கப்பட்ட ஓர் இடமும் ஆண்டும் நமக்குத் தெரியும். 1892, விக்டோரியா பொதுமண்டபம். சென்னை மகாஜன சபையின் மாநாடு. நீலகிரியின் பிரதிநிதியாக வந்திருந்தவர் க. அயோத்திதாசப் பண்டிதர். 1845 மே 20இல் சென்னையில் பிறந்தவர், இயற்பெயர் காத்தவராயன், தொழில் சித்த மருத்துவம். தமிழ் கற்பித்த ஆசிரியரின் பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்டவர். (சாதி சொல்லிக் கொடுத்த பெயரைக் கழற்றிவிட்டு, கல்வி கொடுத்தவரின் பெயரை மாட்டிக்கொண்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.) முந்தைய ஆண்டுதான் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைத் தொடங்கி, பத்துக் கோரிக்கைகளை எழுதியிருந்தார்.

மாநாட்டில் அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது. சிவனும் விஷ்ணுவும் எல்லோருக்கும் பொது என்கிறீர்களே, அந்தக் கோயில்களுக்குள் எங்களை ஏன் விடுவதில்லை? அவர் பின்னாளில் பதிவு செய்தபடி, சிவராம சாஸ்திரி என்பவர் எழுந்து பதில் சொன்னார்: உங்கள் குலத்தாருக்கு மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணன் என்று சாமிகள் இருக்கிறார்கள், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்குரியவர்கள் அல்ல. அதற்கு அயோத்திதாசர், அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, உடனே அடுத்த கோரிக்கைக்குப் போய்விட்டார். எங்கள் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி கொடுங்கள், தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் கொடுங்கள்.

இந்த வேகத்தைக் கவனியுங்கள் தோழர்களே. கடவுளை விட்டுவிடுவதற்கு அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துக்கம் இல்லை, தத்துவ விசாரம் இல்லை. தராவிட்டால் போகட்டும், நிலத்தைப் பற்றிப் பேசுவோம் என்கிறார். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றிய அறிக்கையை 1891இல் எழுதியிருந்தார். பஞ்சமி நிலத்துக்கான அரசாணை 1892 செப்டம்பரில் வந்தது. அதே மாதங்களின் காற்று இந்த மண்டபத்துக்குள்ளும் வீசியது. சந்தேகவாதம் என்றால் சாய்வு நாற்காலியில் அமர்ந்து செய்வது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் காட்சியை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

எம்.ஏ. சமூகவியல் படித்த இரண்டு ஆண்டுகளில் மதத்தின் சமூகவியல் என்று ஒரு தாளே இருந்தது. டர்க்ஹைம் வந்தார், வேபர் வந்தார், மார்க்ஸ் வந்தார். சென்னையில் உட்கார்ந்து படித்தோம், ஆனால் சென்னைக்காரர் ஒருவர் வரவில்லை. அயோத்திதாசரை நான் படித்தது பிறகு, களப்பணிக்கு வந்தபின், ஒரு தோழர் கொடுத்த தொகுதியில்தான்.

சரி, கோயில் வேண்டாம் என்று சொன்னவர் அடுத்து எங்கே போனார்? அடையாறுக்குப் போனார். இங்கே கதை கொஞ்சம் விசித்திரமாகிறது.

பிரம்மஞான சபை 1882 கடைசியில் அடையாற்றின் கரையில் தலைமையகத்தை அமைத்தது. பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் அதன் தலைவர்கள். இமயமலைக்கு அப்பாலிருந்து மகாத்மாக்கள் கடிதம் அனுப்புகிறார்கள், ஒரு மாடத்துக்குள் வைத்த பொருள் மறைகிறது, வேறொன்று தோன்றுகிறது என்றெல்லாம் அற்புதங்கள் நடப்பதாகச் சொல்லப்பட்டது. படித்த மேல்சாதி இந்துக்கள் பலர் நம்பினார்கள். வெள்ளைக்காரரே நம் வேதாந்தத்தைப் புகழ்கிறார் என்ற பெருமிதமும் அதில் இருந்தது. 1884இல் அங்கே வீட்டு நிர்வாகம் பார்த்துவந்த எம்மா கூலோம் என்ற பெண், இந்த அற்புதங்களை எப்படிச் செய்வது என்று பிளாவட்ஸ்கி தனக்கு எழுதியதாகச் சில கடிதங்களை வெளியிட்டார். வெளியிட்டது மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி இதழ். பிளாவட்ஸ்கி அவை போலி என்றார். இலண்டனிலிருந்து ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் விசாரிக்க வந்தார். அந்த மாடம் அம்மையாரின் அறைச் சுவரோடு ஒட்டியிருந்ததையும், பின்பக்கம் திறக்க வழி இருந்ததையும் எழுதி, 1885இல் மோசடி என்று முடிவு கூறினார். அந்த அறிக்கையின் குறைகளைப் பற்றி நூறாண்டு கழித்தும் விவாதம் நடந்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். பிளாவட்ஸ்கி 1885இல் இந்தியாவை விட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை.

ஆல்காட் இருந்தார். அவர் 1880லேயே இலங்கையில் பஞ்சசீலம் ஏற்று பௌத்தரானவர். 1894இல் அடையாறு ஊரூரில் பஞ்சமர் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். பிறகு வேறு சில இடங்களிலும் பள்ளிகள் வந்தன. மயிலாப்பூரில் வந்த பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளி இன்றும் நடக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.

மகாத்மாக்களின் கடிதங்களை நம்பிய மனிதர்தான் சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார். அற்புதங்களைப் பார்த்துச் சிரித்த பகுத்தறிவாளர்களில் எத்தனை பேர் கட்டினார்கள்? இந்தக் கேள்வியை அந்தரத்தில் விட்டுவிடாமல், அடுத்த பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆல்காட்டுக்குப் பின் சபைக்குத் தலைமையேற்ற அன்னி பெசன்ட், 1909இல் எழுதிய ஒரு கட்டுரையில், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை மேல்சாதிப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைப்பதை எதிர்த்தார். அந்தப் பிள்ளைகளின் உடல் நாற்றத்தைக்கூடக் காரணமாகச் சொன்னார். தலைமுறை தலைமுறையான உணவும் பழக்கமும் அப்படி ஆக்கிவிட்டதாம். அம்பேத்கர் இந்தப் பகுதியைக் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்ற நூலில் நீளமாக எடுத்துப் போட்டிருக்கிறார். உலக சகோதரத்துவம் என்பதே முதல் நோக்கம் என்று அறிவித்துக்கொண்ட சபையின் தலைவர் எழுதியது இது. அடையாறு ஆலமரத்தைப் பார்க்கப் போகும் மாணவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போகலாம்.

நம் கதைக்குத் திரும்புவோம். 1898இல் அயோத்திதாசரும், பஞ்சமர் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியரான கிருஷ்ணசாமியாரும் ஆல்காட்டின் உதவியோடு கொழும்பு சென்றார்கள். அங்கே சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றார்கள். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்கள். நாக்பூர் தீட்சாபூமிக்கு 58 ஆண்டுகள் முன்னால்.

1907 ஜூன் 19, புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவரத் தொடங்கியது. நான்கு பக்கம், விலை காலணா. ஓராண்டுக்குப் பின் பெயரில் பைசா போய் 'தமிழன்' ஆயிற்று. 1914 மே 5இல் அவர் இறக்கும் வரை வாரம் தவறாமல் நடத்த முயன்றார். பண்டிதரின் வருமானம் வைத்தியத்திலிருந்து வந்தது, திரு.வி.க. சிறுவயதில் கைகால் முடங்கிக் கிடந்தபோது அவரிடம்தான் சிகிச்சை பெற்றார் என்பது திரு.வி.க.வே தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கும் செய்தி. இதழ் கோலார் தங்கவயலுக்கும், பெங்களூருக்கும், திருப்பத்தூருக்கும், ரங்கூனுக்கும், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் போனது. சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலை செய்தவர்கள் வாசித்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். அவர் இறந்தபின் தங்கவயல் தோழர்கள்தான் 1926இல் கோ. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இதழை மீண்டும் எழுப்பினார்கள்.

அந்த நான்கு பக்கங்களில் அவர் என்ன செய்தார் என்பதை ஒரு மயிலாப்பூர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கம் ஆடி மாதத்தில் போனால் வேப்பிலையும் கூழும்தான். நான் வேலை செய்யும் குடியிருப்புகளிலும் அம்மை போட்டால் இன்றும் வாசலில் வேப்பிலை செருகுகிறார்கள். நாத்திகர் இதைப் பார்த்து மூடநம்பிக்கை என்பார். ஆத்திகர் அம்மன் அருள் என்பார். அயோத்திதாசர் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். அம்பிகையம்மன் என்பவள் பௌத்தப் பிக்குணி. வைசூரி கண்டவர்களுக்கு வேப்பிலையால் மருத்துவம் சொன்னவள். அவள் செய்த நன்மைக்காக மக்கள் அவளை நினைவுகூர்ந்தார்கள். பின்னால் வந்த வேஷப் பிராமணர்கள் அந்த நினைவைப் பூசையாக்கி வருமானம் பார்த்தார்கள் என்பது அவர் கொடுத்த விளக்கம். தீபாவளி எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டுபிடித்ததன் நினைவு. கார்த்திகைத் தீபம் ஆமணக்கு நெய்யின் நினைவு. இப்படி ஒவ்வொரு பண்டிகைக்குள்ளும் ஒரு கண்டுபிடிப்பையும் அதைச் செய்த ஒரு பௌத்தரையும் அவர் காண்கிறார்.

அதே மயிலாப்பூரில், அந்த அம்மன் கோயிலுக்கு அருகிலேயே, திருவள்ளுவர் கோயிலும் இருக்கிறது. பகவன் என்ற பார்ப்பனருக்கும் ஆதி என்ற பறைச்சிக்கும் பிறந்தவர் வள்ளுவர் என்ற கதையை அயோத்திதாசர் வரிவரியாக மறுத்தார். பறையருக்கு ஒரு அறிவாளி பிறந்தால் உடனே தகப்பன் பார்ப்பனராக இருக்க வேண்டுமா என்பது அவர் மறுப்பின் அடியில் ஓடும் கோபம். குறள் ஏட்டை வெள்ளை அதிகாரிகள் கையில் சேர்த்தவர், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன் என்பதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். அந்த ஏடு எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தது. குறளைப் பாதுகாத்த குடும்பத்துக்குக் குறளாசிரியரின் கோயிலில் என்ன இடம் என்று அன்று கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்?

இதையெல்லாம் படிக்கும்போது நமக்கு ஏற்படும் உற்சாகம் நியாயமானது. ஆனால் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். உங்களிடம் நான் உற்சாகத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போக முடியாது. எள் நெய்யிலிருந்து தீபாவளி வந்தது என்பதற்கு ஆதாரம் என்ன? சொல்லைப் பிரித்துப் பொருள் கூறுவதைத் தவிர அவர் வேறு வலுவான சான்று தருவதில்லை. திருக்குறளைத் 'திரிக்குறள்' என்று எழுதி, அது திரிபிடகத்தின் வழிநூல் என்கிறார். அந்த வடிவத்தை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. பிக்குணி அம்பிகைக்குக் கல்வெட்டு இல்லை. இந்தக் கட்டுரைகளை வாட்சப்பில் வரும் 'உங்களுக்குத் தெரியுமா' செய்திகளைப் போலப் பரப்புகிற தோழர்கள் சிலர் உண்டு. பார்ப்பனப் புராணத்துக்குச் சான்று கேட்கிற நாம், நம் புராணத்துக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் அவற்றை எப்படி வாசிப்பது? 1873இல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' எழுதியபோது வாமன அவதாரக் கதையைத் தலைகீழாக்கினார். பலியை நல்ல அரசனாகவும் வாமனனை வஞ்சகனாகவும் வைத்துப் படித்தார். புலேக்கும் கல்வெட்டு இல்லை. எழுத்தும் ஏடும் ஒரு சாதியின் கையில் இருந்த நாட்டில், தோற்றவர்களின் வரலாறு ஆவணமாகக் கிடைக்காது. கிடைத்த கதையைக் கீறித்தான் பார்க்க வேண்டும். கதையை யார் சொன்னது, சொன்னதால் யாருக்கு என்ன கிடைத்தது, சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்பது அயோத்திதாசரின் முதல் படி. அது இன்றும் நம் கையில் இருக்க வேண்டிய கருவி. அந்த இடத்தில் தன் கதையை நிறுவுவது இரண்டாவது படி. அங்கே நாம் அவரோடு கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தேவையில்லை. முதல் படிக்கும் இரண்டாவது படிக்கும் இடையில் நின்று யோசிப்பதைப் பண்டிதர் அவமரியாதையாக எடுத்துக்கொள்வார் என்று சிலர் நினைக்கிறார்கள். வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டவருக்கு அப்படி ஒரு குணத்தை ஏற்றிச் சொல்வதுதான் அவமரியாதை. (வேப்பிலை விஷயத்தில் ஒன்று: சாக்கிய பௌத்த சங்கம் வந்த அடுத்த ஆண்டு, 1899இல், அம்மை குத்தும் மருந்து தயாரிக்கக் கிண்டியில் கிங் நிலையம் தொடங்கப்பட்டது. பெரியம்மையை ஒழித்தது அந்த ஊசிதான்.)

அவருடைய கூட்டத்திலேயே இப்படி நின்று யோசித்த ஒருவர் இருந்தார். பேராசிரியர் பொ. லட்சுமி நரசு, 1861இல் பிறந்தவர். தலித் அல்லர், தெலுங்கு பேசும் நாயுடு குடும்பம். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து அங்கேயே அறிவியல் பாடம் நடத்தியவர். பிறகு பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். எம்மா கூலோமின் கடிதங்களை வெளியிட்டது இவருடைய கல்லூரியின் இதழ்தான் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். சாக்கிய பௌத்த சங்கத்தின் தொடக்க காலத்தில் அயோத்திதாசரோடு தோளோடு தோள் நின்றவர். 'பௌத்தத்தின் சாரம்' என்ற அவருடைய ஆங்கில நூல் 1907இல் வந்தது, 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அதே ஆண்டில். 1922இல் சாதி பற்றி ஒரு தனி நூல் எழுதினார்.

நரசுவின் பௌத்தத்தில் அற்புதத்துக்கு இடமில்லை. யாரோ சொன்னார், ஏட்டில் இருக்கிறது, குரு சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்காதே என்று காலாமர்களிடம் புத்தர் சொன்னதை அவர் அளவுகோலாக வைத்துக்கொண்டார். அந்த அளவுகோலைப் பௌத்த நூல்களின் மீதே வைத்துப் பார்த்தார். ஆன்மா இல்லை என்றால் மறுபிறவி எடுப்பது யார்? முற்பிறவியில் செய்த வினை என்று ஒன்று இருந்தால் அது எதன் மீது ஒட்டிக்கொண்டு வருகிறது? ஒருவர் செய்த செயலின் விளைவு அடுத்தவருக்கும் அடுத்த தலைமுறைக்கும் பரவுகிறது. அதுதான் கர்மம் என்ற சொல்லுக்கு அறிவியல் படித்தவர் ஏற்கக்கூடிய பொருள் என்று விளக்கினார். சிங்காரவேலரும் இந்தப் பக்கம் நின்றார். மீனவ சமூகத்தில் பிறந்த அவர் அன்று மகாபோதி சங்கத்தின் சென்னைக் கிளையை நடத்திக்கொண்டிருந்தார். பின்னாளில் கம்யூனிஸ்டாகி, குடி அரசில் அறிவியல் கட்டுரைகள் எழுதினார்.

பண்டிதருக்கும் இவர்களுக்கும் விரிசல் வந்தது. பண்டிதருக்குப் பௌத்தம் என்பது பறித்துக்கொள்ளப்பட்ட வீடு. அதில் பண்டிகை வேண்டும், திருமண முறை வேண்டும், இறந்தவருக்குச் செய்ய வேண்டிய கடன் வேண்டும், நாங்கள் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை வேண்டும். பேராசிரியருக்குப் பௌத்தம் ஒரு சோதனைச்சாலை. நிற்காத கருத்தை வெளியே தள்ளலாம்.

என்னைக் கேட்டால், வாதத்தில் நான் நரசுவின் பக்கம். களப்பணியில் இறங்கிய நாள் முதல் நான் அதிகம் கேட்கும் தத்துவச் சொல் 'தலையெழுத்து'. கூவம் ஓரத்திலிருந்து பெயர்த்து முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டாலும் தலையெழுத்து. பிள்ளையைப் பள்ளியில் கழிப்பறை கழுவச் சொன்னாலும் தலையெழுத்து. இதைச் சொல்பவர்கள் எவரும் வேதாந்தம் படித்தவர்கள் இல்லை. யாரோ படித்தவர்கள் பல நூறு ஆண்டுகள் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. மறுபிறவியும் முன்வினையும் பௌத்தம் என்ற பெயரில் வந்தாலும் எனக்கு வேண்டாம். அதே சமயம், நரசுவின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு சாவு வீட்டுக்குப் போய் நின்றால் பேச ஒன்றும் இருப்பதில்லை. பண்டிதருக்கு அங்கே பேச ஏதோ இருந்தது. இதை நான் இன்னும் தீர்க்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே வைத்தாக வேண்டும். பூர்வ பௌத்தர் வரலாற்றை எழுதிய அதே கை, அருந்ததியர், குறவர் போன்ற சமூகங்களை இயல்பிலேயே தாழ்ந்தோர் என்ற தொனியில் எழுதியது. எங்களை அவர்களோடு சேர்க்காதீர்கள் என்று அரசிடம் வாதாடியது. பௌத்தர்களாயிருந்து வஞ்சகத்தால் தாழ்த்தப்பட்டவர்கள் ஒரு பக்கம். உண்மையிலேயே தாழ்ந்தவர்கள் மறுபக்கம். அருந்ததியர் எழுத்தாளர்கள் இதைச் சுட்டிக்காட்டியபோது நம்மில் சிலர் காலச்சூழல் என்று சமாதானம் சொன்னார்கள். நரசு அதே காலச்சூழலில்தான் வாழ்ந்தார். நாங்கள் முன்பு உயர்ந்தவர்களாக இருந்தோம் என்ற வரலாற்றை வைத்து விடுதலை கேட்டால், அப்படி ஒரு வரலாறு சொல்ல முடியாதவர் என்ன செய்வார்? மலக்குழிக்குள் இறங்கி இன்றும் சாகிறவர்கள் யார் என்று பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். மனிதர் என்பதற்கு மேல் எந்தப் பூர்வீகச் சான்றிதழும் கேட்காத ஒரு வாதம் நமக்கு வேண்டும்.

இன்று பண்டிதருக்கு மரியாதைக்குக் குறைவில்லை. 2005இல் தபால்தலை வந்தது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரில் இயங்குகிறது. 2023 டிசம்பர் 1இல் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் சிலையோடு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அன்பு பொன்னோவியம் பாதுகாத்த இதழ்கள், ஞான அலாய்சியஸ் தொகுத்த தொகுதிகள், ராஜ் கௌதமன், டி. தருமராஜ், ஸ்டாலின் ராஜாங்கம் ஆகியோரின் ஆய்வுகள் என்று படிக்கவும் நிறைய இருக்கிறது. நரசு 1934இல் இறந்தார். அவருக்குக் கிண்டியில் சிலை இல்லை. அவருடைய நூல்களைத் தமிழில் படித்த மாணவரை நான் அரிதாகவே சந்திக்கிறேன்.

1948க்கு வந்து நிறுத்திக்கொள்கிறேன். அந்த ஆண்டு நரசுவின் 'பௌத்தத்தின் சாரம்' மூன்றாம் பதிப்பு வந்தது. பௌத்தம் பற்றி நல்ல நூல் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறேன் என்ற பொருளில் அதற்கு முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். மறுபிறவியும் கர்மமும் ஆன்மா இன்மையோடு எப்படிப் பொருந்தும் என்ற நரசுவின் கேள்வியை, அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் அறிமுகத்திலும் காணலாம்.

அதே 1948இல்தான் அம்பேத்கரின் 'தீண்டப்படாதோர்' நூலும் வந்தது. தீண்டப்படாதவர்கள் முன்பு பௌத்தர்களாக இருந்தவர்கள், பார்ப்பனியத்தோடு ஏற்பட்ட மோதலில் ஒதுக்கப்பட்டவர்கள் என்பது அதன் மையக் கருத்து. இராயப்பேட்டையில் காலணாவுக்கு விற்ற இதழில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாரவாரம் எழுதப்பட்டதற்கு மிக அருகில் வரும் கருத்து. பண்டிதரைப் படித்துத்தான் இதை எழுதினார் என்று மேடையில் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லக் கூடிய சான்றை நான் பார்த்ததில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் பாருங்கள். அம்பேத்கர் தன் முன்னுரையில், இடையில் கண்ணிகள் அறுந்துபோன வரலாற்றை எழுதுகிறேன், நேரடிச் சான்று இல்லாத இடத்தில் ஊகத்தால் இணைத்திருக்கிறேன், இதைவிட நல்ல விளக்கம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று வாசகரிடம் வெளிப்படையாகப் பேசுகிறார். பண்டிதரின் கதையையும் பேராசிரியரின் அளவுகோலையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு எழுதியது போல இருக்கிறது அந்த முன்னுரை. அடுத்த மாத வாசிப்பு வட்டத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பக்கத்துக்கு மேல் இருக்காது.